பதினோராவது வீடு

புரோக்கர் தெய்வேந்திரனின் பைக் முன்னால்,
நாங்கள் மூவரும் ஆட்டோவில் பின்னால்.
மூன்று ஞாயிறாக மதுரையைச் சுற்றுகிறோம்.
இன்றைக்கு முடித்தாக வேண்டும்.
ஓசூரில் சாமான் கட்டியாகிவிட்டது,
கிரைண்டர் கல்லுக்குக்கூடப் போர்வை சுற்றி.

திருப்பாலையில் மொட்டைமாடி நன்றாக இருந்தது.
வீட்டுக்காரம்மா தண்ணீர் கொடுத்தார்,
சொந்த ஊர் எது என்றார்.
சொன்னேன்.
"அதுக்கு முந்தி?"
அதற்கு முந்தி என் அம்மா வயிற்றில் இருந்தேன்
என்று சொல்லியிருக்கலாம்.
சொல்வதற்குள் ஜெபசிங் செருப்பை மாட்டிவிட்டார்.
அவர் பெயரைக் கேட்டதுமே
அடுத்த கேள்வி என்ன வருமென்று அவருக்குத் தெரியும்.

எஸ்.எஸ். காலனியில் கறி ஆகாது.
வில்லாபுரத்தில் கறி ஆகும், மூன்றாம் மாடி ஆகாது:
கைப்பிடிச் சுவர் மகிழனின் இடுப்புக்குத்தான் வந்தது.
அவனியாபுரத்தில் சாவியைத் திருகும்போதே
தலைக்கு மேலே விமானம்.
காதைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்தவனை
எழுப்ப முக்கால் மணி நேரம் ஆனது.
பால்காரர் ஒருவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி
பஸ்ஸைத் திருப்பி அனுப்பினார்.
அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று
கேட்காமல் விட்டது என் தப்பு.

ஆனையூர்க்காரர் நல்ல மனிதர்தான்.
"பையன் பேசமாட்டானா?" என்றார்.
ஒன்பது வயதாகிறது, இதுவரை இல்லை என்றேன்.
"மேல வயசானவங்க இருக்காங்க" என்றார்.
அது ஒரு பதில் என்பது
பஸ் ஸ்டாப்பில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

"நல்ல ஏரியா மேடம்" என்பான் தெய்வேந்திரன்
ஒவ்வொரு தெருமுனையிலும்.
என் கைப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது.
பெரியாஸ்பத்திரிக்கு ஒரே பஸ்,
நல்ல தண்ணீர், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உயரத்தில்,
நாய் இல்லாத சந்து.
மனிதர்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை.
எழுதத் தெரியவில்லை.

கூடல் நகர் வீட்டை அவன் காட்டுவதாகவே இல்லை.
"போற வழின்னு சொல்றேன், வேணாம்னுருவீங்க.
பக்கத்துச் சுவரு மாவு மில்லு,
நாலு மாசமா பூட்டிக் கெடக்கு."

அன்றைக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.
தெருவே தும்மிக்கொண்டிருந்தது.
மகிழன் கையை உதறிக்கொண்டு ஓடினான்.
நான் பின்னால் ஓடினேன்.
மில் சுவரில் உள்ளங்கையை வைத்தான்.
பிறகு கன்னத்தை.
பிறகு அசையவே இல்லை.

பேங்க் வரிசையில் நான்கு நிமிடம் நிற்கமாட்டான்.
இருபது நிமிடம் நின்றான்,
சுவர் அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது போல,
அவன் முழுவதையும் கேட்டுத்தான் தீர்வான் போல.

வீடும் மில்லும் வீரணனுடையது.
இமையெல்லாம் மாவாக வெளியே வந்தார்.
ஊர் கேட்கவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"தம்பிக்கு எந்தச் சத்தம் ஆகாது?"

இந்த ஊரில், எந்த ஊரிலும்,
யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.
திடீரென்று வருவதெல்லாம் என்றேன்.
குக்கர், பட்டாசு, ஹாரன்.
"மோட்டார் போடுறப்ப டப்புனு ஒரு அடி அடிக்கும்.
ஒரு குரல் குடுத்துட்டுப் போடுறேன்."

அட்வான்ஸில் ஆயிரம்கூடக் குறைக்கவில்லை.
போர் தண்ணீர் உப்பு.
குளியலறைக் கதவு மூடாது,
அடுப்படி ஜன்னல் சாக்கடையைப் பார்த்து.
ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்;
லேப் கோட்டில் மல்லிப்பொடி வாசத்தோடுதான்
இனி ரத்தம் எடுக்கப்போகிறேன்.
ஜெபசிங் நான்கு முறை தும்மினார்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகிழனின் ஒரு கன்னம் மட்டும் வெள்ளையாக இருந்தது.
துடைக்கப் போனேன், விடவில்லை.

படியிறங்கும்போது பார்த்தேன்,
மில் கதவில் ஒட்டியிருந்த தாள்:
மாதம் ஒருநாள் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் ஐந்து வரை மின்சாரம் இருக்காது.
சுவர் பேசாத நாள்.
அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாது.
இரண்டு முறை படித்தேன்.
படித்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினேன்.